கூட்டமாகச் செத்துக் கிடந்த பறவைகள்: நம் பக்கத்தில் பார்த்தவற்றைச் சொல்லுங்கள்

தாராபுரம் விவசாயி:
கடலை விதைப்புச் சமயம். விடிகாலையில் வரப்போரம் மயிலும் கவுதாரியும் புறாவுமாகச் செத்துக் கிடந்தன. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பறவைக் காய்ச்சல் என்றார்கள்; மீதிப் பேர் செல்போன் கோபுரத்தைக் கைகாட்டினார்கள். அந்தக் கோபுரத்திலேயே காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

மயிலின் அலகோரம் நுரை காய்ந்திருந்தது. கால் விரல்கள் இறுக மடங்கியிருந்தன. மொய்க்க வந்த ஈக்களும் பக்கத்திலேயே செத்து உதிர்ந்திருந்தன. கால்நடை மருத்துவர் தீனிப்பையை அறுத்ததும் முழுசு முழுசாகச் சோளம். குப்பென்று மருந்து வாடை. யாரோ பூச்சிமருந்தில் ஊறவைத்த சோளத்தைக் காட்டில் தூவியிருக்கிறார்கள்.

மயில் மேல் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. முளைவிட்ட கடலையைக் கிளறிப் போட்டால் யாருக்குத்தான் வராது? ஆனால் மருந்து மயிலோடு நிற்பதில்லை. செத்ததைத் தின்கிற நாயும் கீரியும் அடுத்துப் போகும். தவிர, மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் சிறைதான்.

பல்லடம் பண்ணைக்காரர்:
எங்கள் கதை வேறு. சித்திரை வெயிலில் மத்தியானம் மின்சாரம் போய், காற்றாடி நின்றது. பிடிக்கும் பருவத்துக்கு வந்த கறிக்கோழிகள் வாயைப் பிளந்து இரைத்து இரைத்தே செத்தன. அடுத்த கொட்டகையில் இருந்த சின்னக் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயாக இருந்தால் இப்படிப் பார்த்துப் பார்த்தா எடுக்கும்? கோழிக்கு வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். உடம்பு பெருத்ததும் நெருக்கமும் சேர்ந்தால் அதுவும் முடியாது. இப்போது கோடையில் காலை பத்து மணிக்கு மேல் தீவனத்தைத் தூக்கிவிடுகிறோம், ஏனென்றால் தீனி செரிப்பதே ஒரு சூடு. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயாக இருந்தால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, நாள் கணக்கில் இழுக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஈரோடு:
இருவரும் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எது செத்தது என்பதோடு எது சாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தது, கோடையில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குளம். வாத்தும், சேற்றில் இரை தேடும் உள்ளானும்தான் விழுந்தன. கரை மரத்துக் கிளிகள் நன்றாகவே இருந்தன. உயிரோடு இருந்த ஒரு வாத்தைத் தூக்கினேன். கால் துவண்டு, கழுத்து துணி மாதிரித் தொங்கியது. கண் மட்டும் விழித்தபடி இருந்தது. தலையைத் தூக்க முடியாததால் முழங்கால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகின்றன. இது பொட்டுலிசம். சூடான சேற்றில், காற்றுப் படாத இடத்தில் பெருகும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. செத்த பறவையில் நெளியும் புழுக்களை இந்த நஞ்சு ஒன்றும் செய்யாது. அந்தப் புழுவைக் கொத்திய பறவை அடுத்து விழும், அதில் மறுபடி புழு. 2019 நவம்பரில் ராஜஸ்தான் சாம்பார் ஏரியில் ஆயிரக்கணக்கில் செத்ததும் இதனால்தான். பிணங்களை உடனே பொறுக்கிப் புதைப்பதே முதல் வைத்தியம்.

பறவைக் காய்ச்சலை லேசாக நினைக்கச் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழா, கோட்டயம் பக்கம் வாத்துகளிடம் அது வந்தபோது, தமிழக-கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். அதே மாதம் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் செத்தவை பெரும்பாலும் காகங்கள். காகங்கள் ஊர் ஊராக விழுந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான். மாதிரி போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போய்த்தான் உறுதியாகும்.

வெள்ளோடு பக்கம்:
எங்கள் ஊர்களில் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சத்தத்தால் பறவை சாகுமா என்று வெளியூர்ச் சொந்தங்கள் கேலி பேசுவதுண்டு. அமெரிக்காவின் அர்க்கன்சாவில் 2010 கடைசி இரவு, புத்தாண்டு வெடிக்கு அடைந்திருந்த கரும்பறவைகள் மிரண்டு கிளம்பி, இருட்டில் கண் தெரியாமல் வீடுகளிலும் மரங்களிலும் மோதி ஆயிரக்கணக்கில் செத்தன.

தாராபுரம் விவசாயி:
ஐயா, அடுத்த முறை மாதிரியை எப்படிக் கொடுப்பது?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், ஈரோடு:
வெறும் கையால் தொடாதீர்கள். புதிதாகச் செத்ததை இரட்டைப் பையில் போட்டு, பனிக்கட்டி நடுவில் வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் சேருங்கள். உறைய விட வேண்டாம். மயிலாக இருந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.