குறைத்த எடை திரும்ப ஏறியபோது உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

பள்ளத்தூர் மருமகள்

எடை குறைத்த கதையை எழுதப்போவதில்லை. அது ஆளுக்கொன்று இருக்கும். 14 மாதத்தில் 21 கிலோ இறங்கியது, பிறகு 8 ஏறியது. என்னை விடாமல் அரிப்பது ஒரு டப்பா மூடி.

கொழுந்தனார் வீட்டுப் புதுமனை விருந்தில் ஒரு வெள்ளைப் பணியாரம் தின்றேன். ஒன்றே ஒன்று. 'போயிற்று, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் போயிற்று' என்று மனம் தீர்ப்பே எழுதிவிட்டது. இரவு பதினொன்றரைக்கு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் விளக்குப் போடாமல் நின்று, தேன்குழல் டப்பாவின் மூடியை முந்தானையால் பொத்தித் திறந்தேன். கடித்தால் சத்தம் வரும், மாமியார் விழித்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றையும் வாயில் ஊறவைத்துத் தின்றேன். எத்தனை என்று எண்ணவில்லை.

மதுரையில் நான் பார்க்கும் ஆலோசகரிடம் போய் அழுதுகொண்டே கணக்கு ஒப்பித்தேன். பணியாரத்தையும் தேன்குழலையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை. "மூடியை ஏன் பொத்தினீர்கள்?" என்றார். வாயடைத்துப்போனேன். பஸ் திருப்பத்தூர் தாண்டும்வரை அதே யோசனை. இன்னும் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

ஊரணிக்கரை

இதற்கெல்லாமா ஆலோசகர்? காரைக்குடி ஸ்டேஷனில் எடை மிஷினில் காசு போட்டேன், அட்டையில் 84 என்று வந்தது. அன்றே இனிப்பை விட்டேன். இப்போது 71. என் கதை அவ்வளவுதான்.

ஆச்சி, நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். காலையில் ஊரணியை ஏழு சுற்றுச் சுற்றுங்கள். விருந்து என்றால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கடைசிப் பந்தியில் மிச்சத்தையெல்லாம் நம் இலையில்தான் தள்ளுவார்கள். கவுனி அரிசி (கறுப்பு அரிசி) நல்லது என்கிறார்கள், சரிதான். ஆனால் அதில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிண்டிவிட்டு நல்லது என்று சொல்லக்கூடாது. சம்பந்தி வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அன்றைக்கே வளவு முழுக்க, முற்றத்தைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும், பங்கிட்டுவிடுங்கள், கந்தரப்பம் ஒருநாள் தங்கினாலும் ஆபத்து. தேன்குழல் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மாமியாரிடம் கொடுங்கள். வாயைக் கட்ட மனசு வேண்டும், அவ்வளவே.

தேவகோட்டை வாத்தியார்

வயது வந்த பெண்ணிடம், சாவியை மாமியாரிடம் கொடு என்கிறார் ஊரணிக்கரை. அவர் முந்தானையால் பொத்தியது எதற்கென்று இன்னுமா புரியவில்லை?

வாயைக் கட்டுவது பற்றி 32 ஆண்டு உயிரியல் நடத்தியவன் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஓர் ஆய்வுக்காக அரைப்பட்டினி கிடந்தார்கள், 24 வாரம். எல்லோரும் திடகாத்திரமானவர்கள், மன உறுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்து, வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசியை ஆளும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. உடம்பு இழந்ததைத் திருப்பிக் கேட்கிறது, ஐயா. அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவருக்குப் பேச ஓர் ஆள் வேண்டாமா? எடை இறங்கும்வரை மருத்துவமனையில் வாரம் ஒருமுறை கூப்பிடுவார்கள். இறங்கியதும் கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆள் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான்.

என் கதை. நெஞ்சுவலி வந்து 15 கிலோ குறைத்திருந்தேன். ஒரு சாந்திக் கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்) பங்காளி ஒருவர் என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தார். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டன. என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பி, "என்ன நோவு, ஆச்சி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகவே அன்று மூன்று முறை சோறு வாங்கினேன். பசியால் தின்றேனா, ருசியால் தின்றேனா? இரண்டும் இல்லை. சாகப்போகிறவன் இல்லை என்று நிரூபிக்கத் தின்றேன்.

நான் பார்க்கும் ஆலோசகர் இதற்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிட்டார். "மருத்துவர் சொல்லிக் குறைத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன், உங்கள் பேரன் எப்படி இருக்கிறான்?" அவர் பங்காளியாக நடிப்பார், நான் இதைச் சொல்லவேண்டும். முதல் இரண்டு தடவை தொண்டை அடைத்தது.

ஊரணிக்கரைக்கு ஒரு கேள்வி. 71க்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று?

கோனாபட்டுப் பேத்தி

சுருக்கமாக எழுதுகிறேன், குழந்தை அழுகிறது. ஒருநாள் இரவு இதே மாதிரி தின்றுவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் 14416க்குக் கூப்பிட்டேன் (அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் பேசலாம்). எடுத்தவர் நம்மவர்களின் வழக்கப்படி முதலில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து, அது அழுகையாகி, அவர் பதறிப்போய்... பாவம். ஆனால் நாற்பது நிமிடம் பேசினார். மறுநாள் காலை இட்லியைத் தவிர்க்காமல் சாப்பிடச் சொன்னார். முந்தைய இரவுக்காகப் பட்டினி கிடந்தால் அடுத்த இரவும் அப்படியே ஆகும் என்றார்.

ஊரணிக்கரை

வாத்தியாருக்கு: வருகிற தையோடு ஐந்து மாதம்.

பள்ளத்தூர் மருமகள்

ஐந்து மாதத்தில் நானும் அப்படித்தான் பேசினேன் அண்ணே, கோபமில்லை.

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு ஒன்று செய்தேன். பசிக்கவில்லை, ஆனாலும் போனேன். விளக்கைப் போட்டேன். மூடியைப் பொத்தாமல் திறந்தேன். 'டங்' என்று வளவு முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு தேன்குழல் எடுத்தேன், கடித்தேன்.

உள்ளறையிலிருந்து மாமியார் குரல்: "எனக்கும் ரெண்டு எடுத்துவா, ஆத்தா. இன்றைக்காவது வெளிச்சத்தில் தின்கிறாயே."