டி செல் பாடத்துக்கு ஒரு கை கொடுங்களேன்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் புரதம்) கிருமியை நேராகவே பிடித்துவிடும்; டி செல் என்ற வெள்ளையணுவின் ஏற்பியோ, நம் செல்லின் மேல் எம்ஹெச்சி என்ற புரதம் ஏந்திக் காட்டும் கிருமிப் புரதத் துண்டை அந்த எம்ஹெச்சியோடு சேர்த்துத்தான் அடையாளம் காணும் (1974-ல் டோஹர்ட்டியும் ஜிங்கர்நாகலும் காட்டியது, 1996-ல் நோபல்) என்றேன். முழித்தார்கள். தட்டுவடை செட் வாங்கி வந்து காட்டினேன்: ஒரு தட்டை எம்ஹெச்சி, இன்னொன்று ஏற்பி; ரெண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட் துருவல், அதுதான் அந்தத் துண்டு. புரிந்துவிட்டது. பாடப்பொருளைத் தின்றும் விட்டார்கள், அது தனிக் கதை.

சிக்கல் இனிமேல்தான். "அந்தத் துண்டுல இருக்கிற ஒன்பது அமினோ அமிலத்துல ஒண்ணே ஒண்ணு மாறினாலும் டி செல் எப்படி மிஸ் கண்டுபிடிக்கும்?" என்றாள் ஒருத்தி. ஏற்பி அதோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து என்று பாதி சொல்லி மழுப்பினேன். இதைச் செய்துகாட்ட எளிய மாதிரி ஏதாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை மறுபடி வகுப்பு.