மாசி வீதிப் பக்கம் பழைய வீடு: சுவரில் ஓதம், மரத்தில் பூச்சி. வாங்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. செங்கல், சுண்ணாம்புச் சுவர். மேலே தேக்குக் கட்டை அடித்த மெட்ராஸ் டெரஸ் (கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்). உள்தரை தெருவை விட ஒரு படி தாழ்வு. நடுவீட்டுச் சுவரில் மூன்றடிக்குச் சிமென்ட் பூச்சு போட்டிருக்கிறார்கள்; அதற்கு மேலே ஒரு முழத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. பின்கட்டு நிலையின் அடியில் கரையான் மண். ஒரு கட்டைக்குக் கீழே வெளிறிய தூள் கிடக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் தரகர். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்? முற்றத்துக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இறைக்கிறார்கள்.

சுண்ணாம்புக்காரை:
அந்தப் பெயின்ட்டை அடிக்கவே அடிக்காதீங்க. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமென்ட்டால் அடைத்தால் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பைத் தள்ளும். நீங்கள் சொல்கிற ஒரு முழ உப்பு அதுதான். பெயின்ட் அடித்தால் உப்பு இன்னும் மேலே போகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்க. சுவர் நெடுக ஒரே மட்டத்தில் கறை இருந்தால் தரை ஈரம். ஒரு இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் பின்னால் குழாயோ கக்கூஸோ சாக்கடையோ ஒழுகுகிறது. உச்சியிலிருந்து இறங்கினால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்து விரிசல். சந்தேகமென்றால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டி வையுங்க. தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. விற்கிறவர்கள் புது டிஸ்டெம்பர் அடித்திருந்தால் பீரோ, கட்டில் ஓரங்களை நகர்த்திப் பாருங்க. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்க.

வேலை என்று வந்தால், தெருவை மேலே மேலே போட்டதால் மழைத்தண்ணீர் வாசலுக்குத் திரும்புகிறதா என்று பார்த்து அதை முதலில் திருப்புங்க. பிறகு கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை சிமென்ட்டைச் செதுக்கி, செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்க. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பருமனான சுவர் காய ஓராண்டு கூட ஆகும். இந்த வேலையில் அவசரப்படுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. காய்ந்தபின் இரண்டு வாரமாவது ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சுர்க்கி (செங்கல் பொடி) ஒரு பங்கு. ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்க. மேலே சுண்ணாம்பு மட்டும் அடிங்க, புட்டி வேண்டாம். ஓதத்தை நிறுத்தச் சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றும் முறையை நம்பாதீங்க. உள்ளே கல்லும் மண்ணும் நிரப்பிய பருத்த சுவரில் மருந்து பொந்துகளில் இறங்கி வீணாகும்.

வைரக்கட்டை:
மரத்தில் உள்ளது இரண்டு வெவ்வேறு பூச்சி. நிலையடியில் மண் கோடு போட்டிருப்பது கரையான். ஈரத்தைத் தேடி மண்ணிலிருந்து வருகிறது. தூள் கொட்டுவது உளு. தேக்கின் வைரத்தை (கெட்டியான உள்மரத்தை) அது தொடாது, ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் இருக்கும். 1 முதல் 3 மி.மீ. துளைகள் தெரியும். பழைய துளையின் விளிம்பு கறுத்திருக்கும். இப்போதும் நடக்கிறதென்றால் விளிம்பு வெளிறி, தட்டினால் புதுத்தூள் விழும். தூளைப் பெருக்கிவிட்டுக் கீழே கறுப்புத்தாள் விரித்து சில வாரம் கழித்துப் பாருங்க.

உளுவுக்கு: பெயின்ட், பாலிஷை முழுசாகச் சுரண்டணும், இல்லாவிட்டால் மருந்து இறங்காது. வெண்காரம் 6, போரிக் ஆசிட் 4 பங்கு. கலவை 1 கிலோவுக்கு 9 லிட்டர் வெந்நீர். முதல் பூச்சு காயும் முன் அடுத்தது, துளைகளில் சிரிஞ்சால் ஏற்றுங்க. மழை படும் மரத்துக்கு ஆகாது, கரைந்து போகும்.

கரையானுக்கு ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி (கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தரநிலை) முறையைக் கேளுங்க. தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு 12 மி.மீ. துளை, துளைக்கு 1 லிட்டர் மருந்து. நிலையும் சுவரும் சேரும் இடத்தில் அரையடிக்கு ஒன்றாக 45 பாகை சாய்த்து. மருந்து இமிடாக்ளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. ஓதம் நிற்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் திரும்ப வரும்.

அட்வான்ஸுக்கு முன் கட்டாயம் பார்க்கவேண்டியது கட்டைகளின் சுவருக்குள் போகும் முனை. சுத்தியலால் தட்டுங்க, பொத்தென்று கேட்டால் கோணி ஊசியால் குத்துங்க. அரை அங்குலத்துக்கு மேல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் முனை போய்விட்டது. ஒன்றிரண்டு என்றால் முட்டுக் கொடுத்துவிட்டு இரும்புச் சேனல் இருபுறமும் போல்ட் போட்டுக் காப்பாற்றலாம். பாதிக்கு மேல் இருந்தால் மேல்தளம் முழுக்க இறக்கவேண்டி வரும், விலையை அதற்கேற்பப் பேசுங்க. மாற்றுக் கட்டை வேண்டுமென்றால் காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் தேடுங்க. புதுமுனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடைவெளி விடச் சொல்லுங்க, சிமென்ட் வைத்து இறுக்கவே கூடாது.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. கிணற்றுப் பக்கச் சுவருக்கும் அதே மருந்தா?

வைரக்கட்டை:
கூடாது தம்பி. அந்த மருந்து மண்ணில் தண்ணீரோடு நகரக்கூடியது. முற்றத்தைச் சுற்றி ஊசி போடவேண்டாம். அந்தப் பக்கத்துக்குக் கரையான் இரைப் பெட்டி வைக்கச் சொல்லுங்க. கூட்டம் அழிய மாதக்கணக்கு ஆகும், இரை தீர்ந்ததா என்று பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கணும்.