டார்வின்-வாலஸ் பதக்கம்: வாலஸுக்குக் கிடைத்த மரியாதையா, ஆறுதல் பரிசா?

மரவட்டை:
1858 ஜூலை 1 அன்று உயிரியல் அறிஞர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், அவரைப் போலவே தனியாக அதே முடிவுக்கு வந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ் இருவரின் எழுத்துகளையும் சேர்த்து வாசித்தார்கள். சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுக் கருத்து சபைக்கு வந்தது அன்றுதான். அதன் 50ஆம் ஆண்டு நினைவாக 1908இல் சங்கம் வெளியிட்டது இந்தப் பதக்கம். ஒரு பக்கம் டார்வின் முகம், மறுபக்கம் வாலஸ் முகம். வாலஸுக்கு அப்போது வயது 85. எனக்கு இது ஆறுதல் பரிசாகத்தான் படுகிறது. தன் கட்டுரையை வாசிக்கிறார்கள் என்பதே தெரியாமல் எங்கோ தீவில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு வார்த்தை கேட்டார்களா?

நூலகவாசி:
கேட்கவில்லை, சரி. கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும் காலம் அது. வாலஸ் தன் கட்டுரையைக் கடிதத்தோடு அனுப்பியது டார்வினுக்குத்தான். அதை டார்வின் மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? நிலவியல் அறிஞர் லயலுக்கு அனுப்பிவைத்தாரே! வாசித்த அன்று டார்வினும் அங்கே இல்லை. மூன்று நாள் முன்புதான் ஒன்றரை வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார்.

மரவட்டை:
அந்தத் தகப்பனை நான் குறை சொல்லவே இல்லை. வாசிப்புக்கு ஏற்பாடு செய்த டார்வினின் நண்பர்கள் லயல், தாவரவியலாளர் ஹூக்கர் மேல்தான் கோபம். வரிசையைப் பாருங்கள். முதலில் டார்வினின் 1844 கட்டுரையிலிருந்து ஒரு பகுதி, அடுத்து 1857இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு அவர் எழுதிய கடிதம், கடைசியில் வாலஸ். அன்று வாசித்ததில் முழுக் கட்டுரை வாலஸுடையது மட்டும்தான். வெப்பமானி 88 பாரன்ஹீட் காட்டும்போதும் குளிர்காய்ச்சலில் போர்வை சுற்றிப் படுத்திருந்தபோது தோன்றிய யோசனை அது. நடுக்கம் நின்றதும் அன்று மாலையே குறிப்பெடுத்து, அடுத்த இரண்டு மாலைகளில் எழுதி முடித்து, இன்றைய இந்தோனேசியாவின் டெர்னேட் தீவிலிருந்து அனுப்பினார். அதைப் போய்க் கடைசியில் வைப்பதா?

கடலோரன்:
வாலஸே 1908 விழாவில், டார்வின் உழைத்தது 20 ஆண்டு, தான் உழைத்தது ஒரு வாரம், பெருமையும் அந்தக் கணக்கில்தான் என்று பேசினார். 1889இல் எழுதிய தன் நூலுக்கு 'டார்வினிசம்' என்றே பெயர் வைத்தவர். அவருக்கே இல்லாத மனக்குறை நமக்கு எதற்கு?

மரவட்டை:
அது அவருடைய பெரிய மனசு. அதைக் காட்டி நாமும் அவர் பங்கைக் குறைக்கலாமா?

நூலகவாசி:
குறைக்க வேண்டாம். ஆனால் அந்த மேடையில் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஹூக்கர், மற்ற அறிஞர்களான ஹெக்கல், வைஸ்மன், கால்டன் எல்லாருக்கும் வெள்ளி. தங்கப் பதக்கம் வாலஸ் ஒருவருக்குத்தான். 91 வயது ஹூக்கர் நேரில் வந்து அந்த வெள்ளியை வாங்கிக்கொண்டார்.

மரவட்டை:
வெள்ளி, தங்கம் விவரம் எனக்குத் தெரியாது. அதை மரியாதை என்றே ஒத்துக்கொள்கிறேன். வாசித்த வரிசை பற்றி மட்டும் என் கருத்து மாறாது.