காமா நைஃப்: எம்.ஆர்.ஐ.யில் ஃபிரேம் பிழை 1.7 மி.மீ., சி.டி.யை நம்பலாமா?

வோக்சல்:
வணக்கம். காமா நைஃப் (காமா கதிர்களைக் கட்டியின்மேல் குவிக்கும் சிகிச்சை) திட்டம் ஒன்று. வலது வெஸ்டிபுலர் ஷ்வானோமா (செவி-சமநிலை நரம்பில் வளரும் புற்றல்லாத கட்டி), 14 மி.மீ., பெரும்பகுதி உள்செவிக் குழாய்க்குள். கேட்கும் திறன் மிச்சமிருக்கிறது. லெக்செல் ஃபிரேமோடு (தலையில் திருகிப் பொருத்தும் சட்டம்) 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யில் எடுத்த கான்ட்ராஸ்ட் டி1 படத்தில் ஃபிரேம் பிழை (சட்டத்தின் குறிகள் இருக்க வேண்டிய இடத்துக்கும் படத்தில் தெரியும் இடத்துக்கும் உள்ள விலகல்) சராசரி 0.8, அதிகபட்சம் 1.7 மி.மீ. சி.டி.யில் அதிகபட்சம் 0.4தான். டோஸ் 50% ஐசோடோஸில் (உச்ச டோஸின் பாதி விழும் எல்லைக்கோட்டில்) 12 கிரே. சி.டி.யில் ஃபிரேமைக் குறித்து, எம்.ஆர்.ஐ.யை அதன்மேல் ஃப்யூஷன் செய்தால் (பொருத்தினால்) போதுமா?

கோபால்ட்60:
அந்த 1.7 எந்த ஸ்லைஸில் வருகிறது என்று முதலில் பாருங்கள் சார். அடி ஸ்லைஸ்களில் மட்டும் என்றால் ஃபிரேம் உலோகமும், காந்தத்தின் மையத்திலிருந்து உள்ள தூரமும் காரணம். ஒரு பக்கம் மட்டும் என்றால் இண்டிகேட்டர் பெட்டி (ஃபிரேமில் மாட்டும் குறிக்குழாய்ப் பெட்டி) சரியாக உட்காரவில்லை, அல்லது காப்பர் சல்ஃபேட் குழாயில் காற்றுக்குமிழி. குமிழி மேலே போய் நிற்கும். மல்லாந்து படுத்தவருக்கு மேல் என்றால் முகப்பக்கம். அங்கே படத்தில் குழாயின் புள்ளி வட்டமாக இல்லாமல் அரைநிலாவாகத் தெரியும், மென்பொருள் அந்த அரைநிலாவின் நடுவைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் பக்கத்தில் குழாய்கள் அமைந்த 'என்' வடிவத்தின் சாய்கோடு 45 டிகிரி என்பதால், சாய்கோட்டுப் புள்ளி 1 மி.மீ. நகர்ந்தால் இசட் அச்சிலும் (தலை-கால் திசை) 1 மி.மீ. போச்சு.

இன்னொன்று: டிஸ்டார்ஷன் கரெக்ஷன் (எம்.ஆர்.ஐ. படத்தின் வளைவைத் திருத்துவது) 2டி-யில் விட்டிருந்தால் ஸ்லைஸ் திசையில் திருத்தமே நடக்காது. 3டி-யில் இருக்க வேண்டும். திருத்திய சீரிஸ், திருத்தாத சீரிஸ் இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் வந்து நிற்கும்; தவறானதை ஏற்றுவதும் நடக்கிற காரியம்தான்.

சாய்கோடு:
சி.டி.யை அடிப்படையாக வைப்பதே சரி. 1 மி.மீ. ஸ்லைஸ், கேன்ட்ரி (ஸ்கேனர் வளையம்) சாய்வு 0, எல்லாக் குறிக்கம்பிகளும் படத்துக்குள். ஆனால் ஃபிரேம் பிழை ஃப்யூஷனால் மறையும், படத்தின் வளைவு மறையாது. ரிஜிட் ஃப்யூஷன் படத்தைத் திருப்பும், நகர்த்தும், நிமிர்த்தாது. அதனால் 3டி திருத்தம் இல்லாத படம் என்றால் மறுபடி எடுங்கள்.

ஃப்யூஷன் கணக்கிடும் பகுதியின் பெட்டியை மண்டையோட்டு அடிப்பகுதிக்குள் சுருக்குங்கள். தாடையும் கழுத்தும் உள்ளே வந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாயும். மென்பொருள் தரும் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள்: சிஸ் படத்தில் (திரவத்தை வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) வெள்ளையாகத் தெரியும் காக்ளியாவின் (உள்செவியின் கேட்கும் உறுப்பு) சுருளும் அரைவட்டக் கால்வாயும், சி.டி. எலும்பில் உள்ள கருப்புப் பள்ளத்துக்குள் அப்படியே உட்கார வேண்டும். வலது சரி, இடது விலகல் என்றால் சுழற்சிப் பிழை.

வோக்சல்:
நன்றி. இடப்பக்கச் சாய்கோட்டுப் புள்ளி அரைநிலாதான். சீரிஸ் 3டி திருத்தியது. பேண்ட்விட்த் (ஒரு பிக்சலுக்கு ஒதுக்கும் அதிர்வெண் அகலம்) 150 ஹெர்ட்ஸ்/பிக்சல். அது பரவாயில்லையா?

சாய்கோடு:
குறைவு. 3 டெஸ்லாவில் கொழுப்புக்கும் நீருக்கும் சுமார் 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம். 150-க்கு கிட்டத்தட்ட 3 பிக்சல் விலகல். பெட்ரஸ் எலும்பு (உள்செவியைச் சுற்றிய எலும்பு) முனையின் மஜ்ஜைக் கொழுப்பு நகர்ந்து, குழாய்க்குள் கான்ட்ராஸ்ட் ஏறிய கட்டி மாதிரி நிற்கும். பேண்ட்விட்த்தைக் கூட்டுங்கள், இரைச்சல் ஏறினாலும் சரி. ஃபேட் சாச்சுரேஷன் (கொழுப்பின் சிக்னலை அடக்குவது) போட்ட டி1 ஒன்றும் கையில் இருக்கட்டும். காக்ளியாவை டி1-இல் வரையாதீர்கள், சி.டி. எலும்பு விண்டோவில் வரையுங்கள்; அதன் சராசரி டோஸ் 4 கிரேக்குக் கீழே நிற்க, உள்செவிக் குழாயின் வெளிமுனைக்கு 4 மி.மீ. காலிமேட்டர்தான் (கதிர்க்கற்றையின் அகலத்தைத் தீர்மானிக்கும் துளை). அங்கே 1 மி.மீ. தவறினால் ஒன்று கட்டியின் முனை விடுபடும், அல்லது காக்ளியா டோஸை வாங்கிக்கொள்ளும்.