டேப்பை எடுத்தால் பெயிண்ட்டும் சேர்ந்து உரிகிறது: கேன்வாஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தென்காசி அம்மா:
வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. அவள் கட்டிலுக்கு மேலே மாட்ட மூன்று கேன்வாஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றும் கடையில் வாங்கியவை, மரச்சட்டத்தில் இழுத்து அடித்தவை, 12க்கு 16 அங்குலம். ஒன்றில் குற்றால மலை, ஒன்றில் பனைமரம், ஒன்றில் மயில்.

மலையின் விளிம்பு நேராக வர மாஸ்கிங் டேப் ஒட்டி, பச்சை அக்ரிலிக் அடித்தேன். மறுநாள் டேப்பை எடுத்தால், பச்சையும் தோல் உரிவதுபோல நீளமாகக் கூடவே வருகிறது. கீழே இருக்கும் நீல வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பனைமரத்தில் உரியவில்லை, ஆனால் டேப்புக்கு அடியில் வண்ணம் கசிந்து விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. மயிலை இன்னும் தொடவில்லை. பயமாக இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

கோவை வாசகர்:
டேப் பழசாக இருந்தால் பசை இறுகிப்போய் இப்படி ஆகும். புது டேப் வாங்குங்கள். நீல வானத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி பச்சை அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

ஓவிய ஆசிரியை:
தேய்ப்பதற்கு முன் ஒரு கேள்வி. மலைப் படத்தின் நீலமும் பனைமரத்தின் பின்னணியும் ஒரே பெயிண்ட்தானா?

தென்காசி அம்மா:
இல்லை அக்கா. பனைமரத்துக்கு அக்ரிலிக் வெள்ளை. மலைக்கு மட்டும் வீட்டில் மிச்சமிருந்த நீலம். 2015இல் வீடு கட்டியபோது ஜன்னல் கம்பிக்கு அடித்தது. நிறம் அழகாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன்.

ஓவிய ஆசிரியை:
அதுதான் விஷயம் அம்மா. ஜன்னல் கம்பிக்கு அடித்தது எனாமலாக, அதாவது எண்ணெய் சேர்ந்த பெயிண்ட்டாகத்தான் இருக்கும். அது காய்ந்தால் கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக் கவ்விப் பிடிக்க அங்கே இடமே இல்லை. அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் அடிக்கலாம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் அடிக்கக் கூடாது. டேப் இல்லாமல் வரைந்திருந்தாலும் ஒருநாள் உரிந்திருக்கும்.

தயவுசெய்து அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் டப்பா அதற்கு முந்தையது. ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இருக்க வாய்ப்பு உண்டு. தேய்த்தால் எழும் தூசி தரையில் படியும், குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். சிறு பிள்ளைகளுக்கு ஈயம் கொஞ்சம் போனாலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரிந்த துண்டுகளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்தக் கேன்வாஸை அந்த அறையில் மாட்ட வேண்டாம். செலவைப் பார்க்காமல் புதிது ஒன்று வாங்கிவிடுங்கள்.

கோவை வாசகர்:
டப்பா இவ்வளவு பழசு என்று தெரியாமல் தேய்க்கச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். ஆசிரியை சொல்வதையே கேளுங்கள்.

தென்காசி அம்மா:
நல்லவேளை, தேய்க்கவில்லை. டப்பாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். பனைமரத்தின் கசிவுக்கு என்ன செய்வது அக்கா?

ஓவிய ஆசிரியை:
அது சுலபம். கேன்வாஸ் நெய்த துணி, மேடு பள்ளமாக இருக்கும். டேப் மேட்டில்தான் ஒட்டும், பள்ளம் வழியாக வண்ணம் உள்ளே ஓடிவிடும். அதனால் டேப்பை ஒட்டி விரலால் நன்றாக அழுத்திய பிறகு, அதன் விளிம்பில் முதலில் பின்னணி நிறத்தையே மெல்லிசாக ஒரு பூச்சு அடியுங்கள். உங்களுக்கு வெள்ளை. கசிந்தால் அந்த வெள்ளைதான் கசியும், கண்ணுக்குத் தெரியாது, பள்ளமும் அடைபட்டுவிடும். அது காய்ந்ததும் மரத்தின் நிறத்தைத் தண்ணீர் அதிகம் கலக்காமல் அடியுங்கள். மேல்பூச்சு முழுக்கக் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். மறுநாள் வரை விட்டால் வண்ணம் டேப்போடு சேர்ந்து ஒரே படலமாகிவிடும்.

இப்போது ரம்பமாக இருக்கும் இடத்தை, சின்ன பிரஷ்ஷால் வெள்ளை தொட்டுத் திருத்தினாலே போதும்.

மதுரை அப்பா:
கட்டிலுக்கு மேலே என்கிறீர்களே, அதற்காக ஒன்று சொல்கிறேன். ஒரே ஆணியில் மாட்டாமல் சட்டத்தின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு ஆணி அடியுங்கள். குழந்தை கட்டிலில் நின்று கை நீட்டினாலும் எட்டாத உயரம் வேண்டும். கண்ணாடி ஃபிரேம் வேண்டவே வேண்டாம்.

தென்காசி அம்மா (பத்து நாள் கழித்து):
புதுக் கேன்வாஸில் மலை வந்துவிட்டது. வெள்ளைப் பூச்சு சொன்னபடியே வேலை செய்தது. பனைமரத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறது. மகள் மயிலுக்குத் தோகைப் புள்ளி தானே வைப்பேன் என்கிறாள். விரலால் வைக்கட்டுமா அக்கா?

ஓவிய ஆசிரியை:
தாராளமாக. பிள்ளைகளுக்கான நச்சில்லாத வண்ணம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்வதற்குள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள். பழைய கவுன் ஒன்றைப் போட்டுவிடுங்கள், அக்ரிலிக் துணியில் காய்ந்தால் போகவே போகாது.