ஈட்டி மரத்தில் வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது

ஈட்டி மரத்தில் (தோதகத்தி என்றும் சொல்வார்கள்) சின்ன டீப்பாய் ஒன்று செய்தேன். எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ் ஒரு கோட் அடித்து 11 நாள் ஆகிவிட்டது. இன்னும் விரல் வைத்தால் ஒட்டுகிறது, ரேகை அப்படியே பதிகிறது.

டப்பாவில்தான் கோளாறு என்று நினைத்து, அதே வார்னிஷை தேக்குத் துண்டில் அடித்துப் பார்த்தேன். மறுநாளே காய்ந்துவிட்டது. டீப்பாயிலும் ஓரத்தில் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர் நிற மரம்) இருக்கும் இரண்டு விரல் அகலம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வைரம் பாய்ந்த கருஞ்சிவப்புப் பகுதிதான் பிசுபிசுக்கிறது. ஆக, மரத்துக்குள் இருக்கும் பிசினோ எண்ணெயோதான் காயவிடாமல் தடுக்கிறது என்று தோன்றுகிறது.

நாலு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்தேன், பலனில்லை. அப்புறம் ஒரு மூலையை டர்பன்டைனால் துடைத்து, 220 உப்புத்தாள் போட்டு, மறுபடி மெல்லிசாக அடித்தேன். அதுவும் அதே கதை. (உப்புத்தாள் அடைத்துக்கொண்டு வீணானதுதான் மிச்சம்.)

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் ஒரு கோட் அடித்து, அதன் மேல் இதே வார்னிஷை அடித்தால் காயுமா? ஈட்டியில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.